டர்பனில் இன்னும் பொழுது சாயவில்லை

சூலியா தெருக் காப்பிக்கடைக்காரருக்கு எந்நேரமும் ஈரமான கைகள், சுவர்க் கடிகாரத்தையே தேடும் கண்கள். மகன் தென்னாப்பிரிக்காவில், டர்பன் கரும்பாலையில் வேலை பார்த்தான். கடிகாரம் காட்டும் மணியிலிருந்து ஆறைக் கழித்துப் பார்த்து, "இப்போ அங்க விடியுது" என்பார், கேட்காதவரிடமும். ஒருநாள், அந்த ஊர்ச் சாயங்கால நேரத்தில், மகன் அங்கே காய்ச்சலில் போய்விட்டான்.

முதலாண்டுத் திதியன்று பொழுது சாய்ந்தும் கடையில் அவன் படத்தின் முன் விளக்கு எரியவில்லை. "ஏத்தலையா, அண்ணே?" என்று வழக்கம்போல் காப்பிக்கு உட்கார்ந்திருந்த நான் கேட்டேன்.

"நமக்குத்தான் தம்பி இருட்டிருச்சு. அங்க மத்தியானந்தான்லா. அவன் சாயங்காலந்தானே போனான்? இப்போ சோறு தின்னுக்கிட்டிருப்பான்."

தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு கோப்பைகளைக் கழுவப் போனார். நான் எழுந்து வரும்வரை விளக்கை ஏற்றவில்லை. ஏற்றவே வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தேன்.