அரிசி வேகும் மணம்

வயது போனவர்களைப் பற்றி எழுதுவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பித்தவர். நான் அவரை ரீச்சர் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். போன மாரியில் செத்துப்போனார். அவருடைய கடதாசிகள் எல்லாம் இப்போது பெட்டி பெட்டியாகப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகின்றன. அதில் ஒரு தாள் என்னைப் பற்றியது. நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத மெல்லத்தான் வரும். என்றாலும் அந்தத் தாளைப் பற்றி நானே எழுதவேண்டும்.

போர் முடிந்து, முகாமிலிருந்து தர்மபுரத்துக்குத் திரும்பி வந்த இரண்டாம் வருடம் அது. தகரக் கொட்டிலில் தனியே இருந்தேன். நிவாரண அரிசி நின்றுவிட்டது. எனக்கிருந்த ஒரே மகன், வேலை கிடைத்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வவுனியாவுக்கு மனைவி வீட்டாரோடு போயிருந்தான். எட்டு மாதமாக ஆளுமில்லை, சொல்லுமில்லை.

அரிசி இல்லாத நாளிலும் நான் காலையில் அடுப்பை மூட்டிப் பானையில் தண்ணீர் வைப்பேன். கூரைக்கு மேலால் புகை போகவேண்டும். போகாவிட்டால் பக்கத்து வளவுக்காரி வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன, மோன் ஒண்டும் அனுப்பேல்லையோ?" என்று கேட்பாள். என்னை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். என் பிள்ளையை ஒருவர் குறையாகச் சொல்ல விடமாட்டேன்.

அப்படித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் ரீச்சர் வந்தார். குடையும் துணிப்பையுமாக, பஸ்ஸால் இறங்கி நடந்து வந்திருந்தார். இருந்த ஒரே கதிரையைப் போட்டேன். அதில் இருக்காமல் குசினி வாசலில் என்னோடு நிலத்தில் இருந்தார்.

"அக்கா, ஆரோட இருக்கிறியள்?"

"மோனோட."

"அவர் எங்க?"

"வவுனியாவில வேலை. சனிக்குச் சனி வருவான். இந்த முறை வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவான்."

"அடுப்பில என்ன?"

"சோறுதான். பின்ன கல்லே அவிக்கிறது?"

சிரித்தார். கொப்பித் தாளில் எழுதினார். பிறகு பையிலிருந்து சாப்பாட்டுப் பார்சலை எடுத்து அவிழ்த்தார்.

"இந்தக் கடைக்காரர் ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளின்ர சோறு கட்டுறாங்கள். எனக்கு ஏலாது அக்கா. பாதி எடுங்கோ."

"எனக்கென்னத்துக்கு? நான்தான் சமைக்கிறனே."

"அப்ப எனக்கும் வேண்டாம்" என்று பார்சலை மூடினார்.

என் வாசலுக்கு வந்த ஆள் பசியோடு போவதா? அவருக்காகத்தான் கை நனைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வீட்டுக்கு மூன்று முறை போவது அவருடைய முறை. மூன்று முறையும் பெரிய பார்சலோடு வந்தார். "படிச்ச பொம்பிளை, அளவாச் சோறு வாங்கத் தெரியாதோ?" என்று நான் பகிடி பண்ணுவேன். "கணக்கில நான் மக்கு அக்கா" என்பார். மற்ற வீடுகளுக்கு நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் தன் கதை சொல்வார். தொடங்கிய காலத்தில், இந்த இளம் வயதில் கிழவன் கிழவிகளுக்குப் பின்னால் திரிகிறாளே என்று கூட வேலை செய்தவர்களே சிரித்தார்களாம். ஆனையிறவு உப்பளத்தில் நின்று கால் வெடித்துப்போன கிழவர்களோடு ஒரு வருடம் முழுக்கக் கதைத்தாராம். எந்த வீட்டில் கேட்டாலும் வயது போனவர்கள் "ஒரு குறையுமில்லை" என்றுதான் சொல்வார்களாம்.

"அப்ப என்னத்தை எழுதுவியள்?" என்று கேட்டேன்.

"சொல்லுறதையும் எழுதுவன். பாக்கிறதையும் எழுதுவன்" என்றார். மற்றவர்களைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய மூன்றாம் வரவு முடிந்து இரண்டு வருடம் போக, என் மகன் ஒரு பையோடு படலையைத் திறந்து வந்தான். மனைவியோடு ஒத்துப்போகவில்லை. நான் தட்டை எடுத்து வைத்தேன். நாலு வருடம் என்னோடு இருந்தான். கல்வீடு எழுப்பினான். வயல் செய்தான். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருத்தி என்னை வற்றாப்பளைக்குக் கொண்டுபோனான். போகும் வழியெல்லாம், "அம்மா, இறுக்கிப் பிடியணை" என்று கத்திக்கொண்டே போனான். பிறகு சிறுநீரகம் பழுதாகி, கண்முன்னே உருகி, ரீச்சர் சாவதற்கு முந்தின வருடம் போய்விட்டான்.

முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்த பிறகு ரீச்சர் ஓட்டோ பிடித்துத் துக்கம் கேட்க வந்தார். இறங்கவே ஒரு கை கொடுக்கவேண்டியிருந்தது. பொல்லு ஊன்றியிருந்தார். அழுது முடிந்தபின் நான்தான் கேட்டேன்.

"இப்ப நீங்களும் வயது போய் உங்கட கொப்பிக்குள்ள வந்திட்டியள் என்ன?"

"வந்திட்டன். எனக்கெண்டு தாள் நிரப்பத்தான் ஆளில்லை."

"நான் கேக்கிறன், சொல்லுங்கோ. ஆரோட இருக்கிறியள்?"

"புத்தகங்களோட."

"நேரத்துக்குச் சாப்பிடுறியளோ?"

"ஒரு குறையுமில்லை அக்கா."

இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு அவரிடம் பார்சல் இல்லை. என் சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கைப்பக்குவம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சட்டைக் கை அவருக்கு எவ்வளவு தொளதொளத்துக் கிடந்தது என்று இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. போன மாரியில் அவரை வாடகை அறையில், செத்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் கண்டெடுத்தார்களாம்.

போன கிழமை அவரிடம் படித்த பெண்ணொருத்தி ஸ்கூட்டியில் வந்தாள். இப்போது அவளும் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். தாள்களைப் பெட்டியில் அடுக்குவது அவள்தான். உயிரோடு இருக்கிறவர்களிடம் கேட்காமல் ஒரு தாளையும் மற்றவர் பார்வைக்கு வைக்கக்கூடாது என்று ரீச்சர் எழுதி வைத்திருந்தாராம்.

"வாசிச்சுக் காட்டு பிள்ளை" என்றேன்.

நான் சொன்னதெல்லாம் மையால் எழுதியிருந்தது. சனிக்குச் சனி வருவது, வற்றாப்பளை, எல்லாம். ரீச்சரின் அச்சடித்த புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். அதற்குக் கீழே பென்சிலால் வேறு இருந்தது. அதை வாசிக்க அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"பானை கொதிக்கிறது. அரிசி வேகும் மணம் இல்லை. மகன் வருவதில்லை. மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த முறையும் இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும்."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. மூடியைத் திறக்காத மனிசி மூக்கால் பார்த்திருக்கிறார். ஊருக்கு மறைத்தேன், அவருக்கு மறைக்கமுடியவில்லை. பார்சலில் நான் அவருக்குத் தயவு செய்ததாக இத்தனை வருடம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

"உங்கட பேர் இதில இல்லை அம்மா. இலக்கம்தான்" என்றாள் அந்தப் பிள்ளை.

"அது நான் எண்டு எனக்குத் தெரியுந்தானே."

"விருப்பமில்லையெண்டால் இந்தத் தாளை எடுத்துவிடலாம். கிழிச்செறியச் சொன்னாலும் சரி."

கிழி என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். மகன் வருவதில்லை. அவன் செத்த பிறகும் ஒரு பெட்டிக்குள் கிடந்து அந்த வரி அவனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும். எழும்பி வந்து மறுமொழி சொல்ல அவனால் ஏலாது. ஆனால் பொய்யென்று சொல்ல என்னாலும் ஏலாது. தாளைக் கிழித்தால் ரீச்சர் எனக்குச் சோறு கொண்டுவந்ததும் அதோடு போய்விடும். நான் அவருடைய அறைக்கு ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. அவர் எழுதியதையாவது இருக்கவிடவேண்டும்.

"கிழிக்க வேண்டாம். பேனையைத் தா" என்றேன்.

"நான் எழுதுறன், நீங்கள் சொல்லுங்கோ."

"எனக்கு எழுதத் தெரியும்."

பென்சில் எழுத்துக்குக் கீழே எழுதினேன். 'மகன் பிறகு வந்தான். வற்றாப்பளைக்குக் கூட்டிப்போனான்.' இரண்டு வரிக்கு வெயில் முற்றம் தாண்டிவிட்டது. பிள்ளை பொறுமையாக இருந்தாள்.

அவள் தாளைப் பைலுக்குள் வைத்து எழும்பப் பார்த்தாள்.

"இரு. இப்ப போகேலாது" என்று அடுப்பை மூட்டினேன். மகன் கடைசியாக விதைத்து வெட்டிய நெல்லில் கொஞ்சம் குத்தாமல் வைத்திருந்து, அன்றுதான் குத்தியிருந்தேன். உலை கொதிக்க அரிசியைப் போட்டேன். குசினி வாசலில், ரீச்சர் இருந்த இடத்திலேயே அவளை இருக்கவைத்தேன்.

"மணக்குதோ?"

"இன்னும் இல்லை அம்மா."

"பொறு."

கொஞ்ச நேரத்தில், "ஓம், மணக்குது" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. புகையென்று சொன்னாள்.

இரண்டு பேரும் சாப்பிட்டு அவள் போனபிறகு பானையில் இன்னொரு ஆளின் சோறு மிஞ்சிக் கிடந்தது. மகன் போனபிறகும் என் கை அவனுக்கும் சேர்த்துத்தான் அரிசி அள்ளுகிறது. காலையில் பழஞ்சோறாகும் என்று தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.