தொங்கும் சக்கரத்தில் இறுக்கிய போல்ட்

1. தேயிலைத் தோட்டத்து ஜீப்பின் பின்பக்கத்தில், குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரைப் பிடித்திருக்கும் மவுண்ட்டுகளைக் கழற்றி, தடித்த இரும்பில் புதிதாகப் பொருத்தினேன்.
2. ஜாக்கில் சக்கரங்கள் தொங்கும்போதே போல்ட்டுகளை முழுவதும் இறுக்கினேன்.
3. கொழுந்து மூட்டைகளோடு அம்மாவும் பின்னால் இருக்க, ரிங்லெட் மலைப்பாதை இறக்கத்தில் பின்பக்கம் 'டக்' என்றது.

ஓட்டிய அப்பா, சாலையில் அடுத்திருந்த பள்ளத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார். "என்னம்மா, புதுசே உடைஞ்சிருச்சா?" என்று என்னைக் கேட்டார்.

உடையவில்லை. மவுண்ட்டுக்குள் போல்ட்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம், புஷ்தான் கிழிந்திருந்தது. தொங்கும் நிலையில் இறுக்கிய ரப்பர், சுமையோடு வண்டி தாழ்ந்ததும் முறுகிக்கொண்டே இருந்திருக்கிறது.

அடுத்த புஷ் போட்டதும் வண்டியைத் தரையில் இறக்கி, அம்மாவோடு கொழுந்து பறிக்கும் கூட்டாளிகளைச் சுமைக்காகப் பின்னால் உட்காரவைத்தேன்.

"ஏறிட்டோம்லா. நாங்க என்ன மூட்டையா?" என்றார் செல்வி அக்கா.

"ஆமாக்கா, அசையாதீங்க," என்று சொல்லி இறுக்கினேன்.

இப்போதெல்லாம் சுமை ஏற்றிய பிறகே கடைசி முறுக்கு. சத்தம் இல்லை. அம்மா அதே ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறார்.