ஜன்னலுக்கு வெளியே கார்ட் ஆஃப் ஆனர்

நைனாவைக் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிரேசர் டவுனில் சித்தி வீட்டில் தங்கி, ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் அப்பாவான அவர், சுரங்கத்துக்குள் பாறை துளைத்தே வயதானவர். கல்தூள் நெஞ்சில் படிந்து, இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதற்கு மூச்சு இருக்காது.

ஜன்னல் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. திரும்பினால் இருமல் பிடித்துக்கொள்ளும். மாலையில் நான் போனதும் கேட்பார்.

“வெளியில இன்னா தெரியுது பாப்பா?”

பஸ்ஸைச் சொல்வேன், சைக்கிளைச் சொல்வேன். ஒருநாள் மரங்களைச் சொன்னேன். சாலையின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள், ஒரே உயரத்தில். மந்திரி ஒருவரின் வருகை பற்றிய கடிதத்தில், போலீஸ் அணிவகுப்பு மரியாதைக்கு அன்று நான் அடித்த இங்கிலீஷ் வார்த்தை நாக்கிலேயே இருந்தது.

“கார்ட் ஆஃப் ஆனர் குடுக்கிற மாதிரி நிக்குது நைனா.”

நான் இங்கிலீஷ் பேசினால் அவருக்குப் பெருமை. அதற்காகத்தான் சொன்னேன்.

“அது எனுக்குத் தெரியும்,” என்றார்.

பிறகு விட்டுவிட்டுச் சொன்னார். சுரங்கக் கம்பெனியின் பெரிய துரை வரும் நாளில், ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்களை வீட்டுக்கு விடாமல் ரோட்டோரம் இரண்டு வரிசையாக நிறுத்துவார்களாம். கிளார்க் அதைக் கார்ட் ஆஃப் ஆனர் என்றுதான் சொல்வாராம்.

“காலையிலேருந்து நின்னோம். மதியம்தான் கார் வந்துச்சு. பக்கத்துல நின்னவன் சாஞ்சிட்டான். தூக்கப் போனேன். கார் போவட்டும்னாங்க.”

“நீங்க தூக்கலியா?”

“கார் போனப்புறம் தூக்கினேன்,” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் அவர் வெளியே என்ன தெரிகிறது என்று கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். இதற்கு மருந்து இல்லை, சொந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார்.

“இன்னா சொன்னாரு?”

“வீட்டுக்குப் போலாம்னாரு நைனா.”

“சரியாயிடிச்சாமா?”

“ஆமா.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையை மாட்டிவிடச் சொல்லிக் கையை நீட்டினார். அந்தக் கையைச் சட்டைக்குள் நுழைக்கவே வெகுநேரம் ஆனது.

அவரைத் தங்கவயலில் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். பதினோராம் நாள் அலுவலகத்துக்குத் தந்தி வந்தது. லீவு கேட்டு எழுதித் தரச் சொன்னார்கள். மெஷினில் காகிதத்தைச் செருகி, காரணம் என்ற இடம்வரை அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.