சீட்டுப் புண்

அக்காவின் சைக்கிள் சீட்டில் துண்டைச் சுற்றிக் கட்டியவள் நான்தான். பச்சைக் கரை போட்ட பழைய துண்டு. நான்காக மடித்துச் சீட்டின் மேல் போட்டு, அடியில் சணல் கயிற்றால் இறுக்கி முடிந்தேன். மெத்தென்று இருந்தால் வலிக்காது என்று இருவருமே நம்பினோம். அன்று காலை நீடாமங்கலத்திலிருந்து திருவாரூர் போய்த் திரும்புவதற்குள் துண்டு சுருண்டு, அதன் மடிப்பு அவள் தொடை இடுக்கில் அரம்போல் ராவியிருந்தது. ரயில்வே கேட்டுக்கு முன்பே இறங்கிவிட்டாள். கால்களை அகட்டி வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். "துண்டை அவுத்துடுடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவிழ்த்தபோது துண்டின் மடிப்பில் ரத்தம் இருந்தது.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவள் இல்லை. பள்ளி சைக்கிள் அணியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவள். அப்போது பிளஸ் டூ. அவள் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அப்பாவுக்கு மகள் சைக்கிள் ஓட்டுவதே பிடிக்காது. அம்மாதான் சண்டை போட்டு அனுப்பினார். மாநிலத் தேர்வுப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் விடுதியும் கிடைக்கும் என்று எங்கள் பி.டி. சார் சொல்லியிருந்தார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே களைப்போடு வகுப்பில் வந்து உட்காருவாள். மேட்டிலும் எதிர்காற்றிலும் பையன்கள் அவளுக்குப் பின்னால்தான் வருவார்கள். போட்டியில் அவளுக்கு இடம் நிச்சயம் என்று பி.டி. சாரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பள்ளிக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ். எட்டு இருந்தன. அணியில் ஐந்து பையன்கள், நாங்கள் மூன்று பெண்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பி.டி. சார் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டுப் பொம்பளப் புள்ளைங்க ரோட்ல போனா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார். ஆளுக்கொன்று பையன்களுக்குக் கொடுத்ததுபோக மிச்சம் மூன்றையும் அவர்களுக்கே மாற்று உடுப்பாகக் கொடுத்தார். பிறகு, "கேர்ள்ஸ் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் நாங்கள் வராந்தாவில் நின்றோம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கக்கூடாத ஏதோ ஒன்று என்று எங்களுக்கே தோன்றிவிட்டது.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் சொன்னது என்ன என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அணியில் இருந்த பையன்களில் ஒருவர் இப்போது சீர்காழியில் கடை வைத்திருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது சாதாரணமாகச் சொன்னார். ஷார்ட்ஸுக்கு உள்ளே எதுவும் போடாதீங்க, தையல் அறுக்கும். உரசுற இடத்துல கிளம்பும்போதே கிரீம் தடவிக்கங்க. கால் மணிக்கு ஒரு தடவை சீட்டுலேர்ந்து எழுந்து நின்னு மிதிங்க. மிதிக்கறப்ப இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுச்சுன்னா சீட் உசரமா இருக்குன்னு அர்த்தம், இறக்கிக்கங்க. இறங்கின உடனே ஈரத் துணியை மாத்திக் கழுவிடுங்க. தோல் சிவந்துச்சுன்னா ரெண்டு நாள் ஓட்டாதீங்க. இவ்வளவுதான். நான் பிசியோதெரபி படித்து, இன்று தஞ்சாவூரில் என்னிடம் வரும் சைக்கிள்காரர்களுக்குச் சொல்வதும் ஏறக்குறைய இதுவேதான். பி.டி. சாருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டிராக் பேண்டுக்குள் தடித்த தையல் வைத்த ஜட்டி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டோம். அக்கா ஓட்டியது உயரமான பையனுக்கு வாங்கிய சைக்கிள். சீட்டுக் கம்பி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அவள் இடுப்பு இடமும் வலமும் சரியும். கடையில் கொடுத்து இறக்கித் தரச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். "இந்தப் போட்டி முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் பி.டி. சார். பயிற்சி முடிந்து வியர்வை ஈரத்தோடு அப்படியே யூனிஃபார்ம் மாற்றி மாலை வரை வகுப்பில் உட்கார்ந்திருப்போம். அக்கா பவுடர் போட்டாள், தேங்காய் எண்ணெய் தடவினாள், உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு புண்ணானது. புண்ணுக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி ஒன்று புறப்பட்டது. அதன் பிறகுதான் நான் அந்தத் துண்டைக் கட்டினேன்.

போட்டிக்கு ஐந்து நாள் முன்பு, "நீ போய் சார்கிட்ட சொல்லுடி, என்னால முடியாது" என்று என்னை அனுப்பினாள். போனேன். "அக்காவால உக்கார முடியல சார்" என்றேன். அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த நாளா? ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றார். இல்லை சார், புண், கட்டி, ரத்தம் வருகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அக்காவிடம், "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாருக்கா" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "புரிஞ்சுக்கிட்டாரா?" என்று கேட்டாள். அதற்கும் தலையை ஆட்டினேன். அவர்மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

போட்டி நெடுஞ்சாலையில் நடந்தது. நாற்பது கிலோமீட்டர். பாதி தூரம் வரை அக்கா இரண்டாவதாக வந்தாள். பெரும்பாலும் பெடலில் நின்றுகொண்டே மிதித்தாள். பார்த்தவர்கள் அதை வேகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கால் ஓய்ந்துபோய் அவள் உட்கார்ந்த இடத்தில் கட்டி உடைந்தது. சைக்கிள் ஓரமாகச் சாய்ந்தது, அவளும் மண்ணில் சாய்ந்தாள். ஜீப்பில் பின்னால் வந்த பி.டி. சார் குதித்து இறங்கி, "நடிக்கிறியா? எழுந்திருடி! இன்னும் பாதி தூரம் கெடக்கு!" என்று கத்தினார். அவள் டிராக் பேண்டு நனைந்திருந்தது. அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம். சாலைப் பாதுகாப்புக்கு நின்ற பெண் போலீஸ் ஒருவர்தான் ஓடிவந்து, ஜீப் சீட்டில் கிடந்த போர்வையை உருவி அவளைச் சுற்றினார். "யாருய்யா இந்தப் புள்ளைக்குப் பொறுப்பு?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். இரண்டு வாரம் குப்புறப் படுத்திருந்தாள். கல்லூரி இடம் போயிற்று. "பொட்டப் புள்ளைக்கு சைக்கிள் எதுக்குன்னு அப்பவே சொன்னேன்" என்று அவள் அப்பா ஊரெல்லாம் சொன்னார். பி.டி. சார் பார்க்க வரவில்லை. அடுத்த வருடம் எங்களிடம், "மனவுறுதி இல்லன்னா அப்படித்தான்" என்று அவளை உதாரணம் காட்டினார். அதைக் கேட்டுக்கொண்டும் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் அவருக்குத் திருவாரூரில் பழைய மாணவர்கள் பாராட்டு விழா எடுத்தார்கள். பேச வந்தவர்களில் ஒருவர், "எங்க அணிப் பெண்களை சார் தகப்பன் மாதிரிப் பாத்துக்கிட்டார்" என்றார். கைதட்டினார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுதிக்கொண்டு போன காகிதத்தைப் பிரிக்கவே இல்லை. பார்சலில் எட்டு ஷார்ட்ஸ் வந்ததையும், கதவைச் சாத்திக்கொண்டு பையன்களுக்கு மட்டும் சொன்னதையும், இறங்காத சீட்டையும், தொடை இடுக்கில் வந்த புண்ணையும், அது உடைந்த இடத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். புண் என்ற சொல்லுக்கே முன்வரிசை தலை குனிந்தது. மாலையோடு உட்கார்ந்திருந்தவர் மெதுவாக, "இதையெல்லாம் மேடையில பேசலாமாம்மா?" என்றார்.

"கிரவுண்ட்லயே பேசியிருக்கணும் சார். நீங்க பேசல" என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தேன். அவளும் அவள் கணவரும் நடவு மெஷின் வாடகைக்கு ஓட்டுகிறார்கள். சீசனில் பாதி வயலை அவளே ஓட்டி முடிப்பாள். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"என் பேரைச் சொன்னியா?" என்றாள்.

"இல்லக்கா. அத்தனை பேர் முன்னாடி உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு, ஒரு அக்கான்னு மட்டும் சொன்னேன்."

இன்ஜின் நின்றது.

"நான் ஏன்டி சங்கடப்படணும்?" என்றாள். "என் பேரைச் சொல்லியிருக்கணும். ஊர் பேரையும் சேத்துச் சொல்லியிருக்கணும்."

போனை வைத்துவிட்டாள்.