ஒரு கோடா, இரண்டு கோடா?

ஜனவரி 9: நீக்கப்பட்டவை 38.
ஜனவரி 10: முயற்சி 1. பிழை 4.
ஜனவரி 11: முயற்சி 6. பிழை 29.
ஜனவரி 13: முயற்சி 11. பிழை 57.
ஜனவரி 14: அச்சான பக்கம் 0.

இவை என் மனைவியின் தம்பி சொல்லச் சொல்ல நான் குறித்தவை. பிறவியிலேயே பார்வை இல்லாத அவன், பார்வையற்றோர் பள்ளியின் அச்சறையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பிரெயில் புள்ளிகளை அச்சடிக்கிறான். அதனால் வீட்டில் அவன் பெயர் புள்ளி. "பெரிய புள்ளி வந்துட்டார்" என்று யாராவது கிண்டல் செய்தால், "எழுத்துக்கு ஆறு புள்ளிதான், அதுக்கு மேல கிடையாது" என்பான்.

பதினாறு வயதில் கணக்குத் தேர்வில் தோற்றான். வினாத்தாளை வாசித்துக் காட்டியவர் பென்சிலால் எழுதியிருந்த ஒரு கழித்தல் குறியைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டார். அதில் போன ஓராண்டை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

பள்ளி அலுவலகத்தின் உத்தரவுப்படி ஜனவரி 9 அன்று அச்சறைக் கணினியின் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய நிலையான வெளியீட்டுக்கு மாற்றினான். 'நிலையான' என்ற சொல்லை நம்பினான். நீக்கப்பட்ட 38 நிரல் பொதிகளில் எழுத்தைப் புள்ளியாக்கும் நிரலும் ஒன்று; புதியதில் அது இல்லை. கணக்குக் குறிகளைத் தவறில்லாமல் போடுவது அது ஒன்றுதான். இரண்டு ஆண்டுகளாகக் கவனிக்க ஆளில்லை, அதனால் எடுத்துவிட்டோம் என்று வெளியிட்டவர்கள் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 3 கணக்குத் தேர்வு. எழுதுவது பதினொரு பிள்ளைகள். ஜனவரி 20க்குள் வினாத்தாள் புள்ளியில் வராவிட்டால், நான் வந்து வாசித்துக் காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியை எனக்குக் கடிதம் எழுதினார். நீரேற்று நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அளவுப் பதிவேடு எழுதியவன் பிசகமாட்டான் என்ற நம்பிக்கை.

"நீங்களே வாசிச்சாலும் வேண்டாம் அத்தான்" என்றான் புள்ளி. "காதுல வாங்கிக்கிட்டு எத்தனை எண்ணைத்தான் ஒரு பிள்ளை மனசுல வச்சுக்கும்?"

பழைய வெளியீட்டிலிருந்து அந்த நிரலின் பொதியை மட்டும் எடுத்துப் போடப் பார்த்தான். அது தன் பழைய துணைப்பொதிகளைக் கேட்டது. ஒன்றைக் கொடுத்தால் நான்கு வந்து நின்றன. திரையை அவனுக்கு வாசித்துக் காட்டும் பெண் குரல், 'இல்லை', 'கிடைக்கவில்லை' என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் ஒரு தடவை இல்லைன்னு சொன்னா வீடு ரெண்டாகும். அவ நூறு தடவை சொல்றா, பொறுமையா கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்" என்றாள் அவன் மனைவி. அதே அச்சறையில் தாள்களைத் தைப்பவள்.

அந்தப் பொறுமையும் 14ஆம் தேதி போயிற்று. எந்தெந்தப் பொதிகளை நீக்கப்போகிறேன் என்று கணினி ஒரு நீண்ட பட்டியலை வாசித்தது. எரிச்சலில் பாதியில் அடக்கிவிட்டு 'சரி' என்று தட்டினான். பட்டியலின் பின்பாதியில் அந்தக் குரலே இருந்தது. கணினி ஊமையாயிற்று.

மறுநாள் காலை 9.15க்கு என்னை அச்சறைக்கு அழைத்துப் போனார்கள்.

"திரையில இருக்கறதை இருக்கற மாதிரியே வாசிங்க. உங்க கருத்து வேண்டாம்."

எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

"நடுவுல கோடு இருக்கா?"

"இருக்கு."

"ஒரு கோடா, ரெண்டு கோடா?"

"இரு, கண்ணாடியைத் துடைச்சுட்டுச் சொல்றேன்."

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடியும் ஒருத்தர் துடைச்சார். கோடே போயிடுச்சு."

இரண்டு கோடு. ஒன்று குறைந்தால் கட்டளையே வேறாகிவிடும். ஏழு மணி நேரம் இப்படியே நடந்தது. 4.10க்குக் குரல் திரும்பியது. வந்ததும் அது சொன்ன முதல் சொல், 'கிடைக்கவில்லை'.

ஊசியை வைத்துவிட்டு அவன் மனைவி சொன்னாள்: "மாமியாரும் மருமகளும் ஒத்துப் போகலைன்னா தனிக்குடித்தனம் வைப்பாங்க. அந்தக் கிழத்தையும் தனியா வச்சுத் தொலைங்களேன்."

புள்ளி சிரிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டான். அப்படி ஒரு வழி உண்டு. பழைய வெளியீடு முழுவதையும் கணினிக்குள்ளேயே தனி அடைப்பில் நிறுவி, அந்த நிரலை மட்டும் அங்கே ஓடவிடலாம். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. அவனுக்குத் தெரிந்த வழிதான். பிடிவாதத்தில் மறந்திருந்தான்.

"இதை ஒன்பதாம் தேதியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒன்பதாம் தேதி நீங்க யார் பேச்சைக் கேட்டீங்க?"

ஜனவரி 18 அன்று அச்சு இயந்திரம் கடகடத்தது. பிரதிக்குப் பதினான்கு பக்கம், மொத்தம் 154. மூலத்தை நான் வாசிக்க, பதினொரு பிரதியையும் அவன் விரலால் தடவிப் பார்த்தான்.

"கழித்தல்" என்பேன்.

"இருக்கு" என்பான்.

பிரதிக்கு இருபத்து மூன்று முறை. ஒன்றும் குறையவில்லை. தாள்கள் 19ஆம் தேதி தலைமையாசிரியையின் மேசைக்குப் போயின.

வாசிப்பவர் தேவையில்லை என்று அவர் எழுதிய இரண்டாவது கடிதம் எனக்கு வந்த நாள் ஜனவரி 22.