பெயரைத்தான் எழுதவில்லை

அரசியல் அறிவியல் எம்.ஏ. இரண்டாம் வருடம், பெண்கள் யாருக்கு, ஏன் ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஆய்வு செய்தேன். நெடுங்காட்டில் நடவு வேலைக்குப் போகும் ஓர் அக்கா, "வெளிய தெரியாதுல்லம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார். வேலை கொடுக்கும் நிலக்காரர் சொன்ன சின்னத்துக்கு அவர் போடவில்லை.

கட்டுரையில் அவர் பெயரை எழுதவில்லை. விபத்தில் காலை இழந்த கணவர், மூன்று பெண் பிள்ளைகள் என்று மட்டும் எழுதினேன். கல்லூரி மலரில் அச்சானது. அந்த ஊரில் அப்படி ஒரே வீடுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நிலக்காரர் மகளும் எங்கள் கல்லூரிதான்.

அடுத்த நடவுக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டதும் கோட்டுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன். நிலக்காரர் வீட்டு வாசலில், "அவங்க ஒண்ணுமே சொல்லலைங்க. மார்க்குக்காக நானா எழுதினது, நம்புங்க" என்று அழுதேன்.

அவர் சிரித்தார். "புத்தகத்துலயே வந்துருக்கேம்மா."

அக்கா வீட்டுக்குப் போனேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். காலில் விழப் போனேன், நகர்ந்துகொண்டார்.

"ஓட்டுப் போட்ட மிஷினுகூட யாருகிட்டயும் சொல்லலையேம்மா" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கட்டுரைக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். வாய்மொழித் தேர்வில், வாக்கு ஏன் ரகசியமாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். தடுமாறாமல் பதில் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.