கடைக்கால் இல்லாத வீடு

புதுவாயலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். என் தோளில் ஓர் ஏணி. ஏழு படிகள், சவுக்குக் கம்பு, ஆணி இல்லாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. கட்டியவன் நான்தான். கல்கத்தா ரோட்டில் போன லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரித்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவன், "இன்னா நைனா, வானத்துல வேலையா?" என்று கேட்டான். அந்த ஏணியாலேயே அவனை அடித்திருப்பேன். நான் திரும்புவதற்குள் தூரம் போய்விட்டான். எழுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம் அது. அன்று எனக்கு யார் மேல் கோபம் இல்லை என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

அது அக்கா வீட்டு ஏணி. அன்று மத்தியானம்வரை அந்த வீடு இருந்தது.

ஊரில் அவளைப் பர்மாக்காரி என்றார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன், ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. ஐராவதி ஆறு கடலில் சேருமிடத்தில் நெல் விளையும் ஒரு கிராமத்தில் பிறந்தவள். வீட்டில் பேசியது தமிழ் என்றாலும் முப்பத்தைந்து வயதுவரை இந்தியாவைக் கண்டதில்லை. அறுபதுகளில் அங்கிருந்து விரட்டப்பட்டுக் கப்பலில் சென்னையில் வந்து இறங்கியபோது, தாயகம் திரும்பியவள் என்று எழுதிக்கொண்டார்களாம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "திரும்புறதுக்கு நான் எப்ப இங்க இருந்தேன்? என் தேசம் அங்க இருக்கு. நான் வெளிநாட்டுல நிலம் வாங்கி ஊடு கட்டப்போறவ" என்பாள். பாரிமுனை நடைபாதையில் பல வருஷம் தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கிளறி விற்று, கும்மிடிப்பூண்டிப் பக்கம் அரை ஏக்கர் வாங்கினாள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற பள்ளம் என்பதால் அதை வேறு யாரும் கேட்கவில்லை. தண்ணீரின் மேல் எப்படிக் குடியிருப்பது என்று அவளுக்குத் தெரியும்.

நான் திருப்பாச்சூரில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். செங்கல் சூளை, லாரி கிளீனர், ரயில் பாதைக்கு ஜல்லி கொட்டுவது என்று முப்பது வயது நெருங்கிவிட்டது. எந்த வேலையிலும் இரண்டு மாதத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. புரட்டாசியில் பொன்னேரிச் சந்தையில் மூங்கில் பாய் வாங்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து, "சும்மாதானே நிக்கிற, தூக்கு" என்றாள். தூக்கினேன். எட்டு மாதம் அங்கேயே இருந்துவிட்டேன்.

ஒன்பது கருங்கல்லைத் தரையில் பதித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சவுக்குக் காலை நிறுத்தி, ஆள் உயரத்துக்கு மேல் தளம் போட்டோம். பனஞ்சட்டத் தரை, மூங்கில் பாய்ச் சுவர், மேலே கீற்று. கால்களை மண்ணில் நட்டால் கரையான் ஏறும், கல்லின் மேல் நின்றால் ஏறாது என்றாள். ஏணியின் அடியில் ஒரு பானைத் தண்ணீர் இருக்கும். காலைக் கழுவாமல் யாரும் ஏறக்கூடாது. ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க வந்தது. "இன்னாம்மா, கோழிக்கூண்டா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, மழை வரட்டும். நீயும் வந்து அடைஞ்சிக்குவ" என்றாள் அக்கா.

கார்த்திகையில் மழை பெய்தது. ஏரி உடைத்துக்கொண்டு தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. மண்சுவர்கள் கரைந்து உட்கார்ந்தன. ஆறு குடும்பங்கள், பானையிலிருந்த தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, நான் கட்டிய ஏணியில் ஏறின. கோழிக்கூண்டு என்றவர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தார். மூன்று நாள் அக்கா எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினாள். இதை நான் மறக்காததற்குக் காரணம் அந்தக் கஞ்சியல்ல, பிறகு நடந்ததுதான்.

தை முடிந்ததும் சர்க்கார் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் சேதி வந்தது. வெறும் நிலத்துக்கு ஒரு தொகை, அத்தோடு சரி. வீடு இருந்தால் அதற்கும் சேர்த்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் மாற்று மனையும் உண்டு என்றார்கள். அக்கா பதறவில்லை. "எனக்குத்தான் ஊடு இருக்கே" என்றாள்.

பங்குனி வெயிலில் குமாஸ்தா கணக்கெடுக்க வந்தார். அக்கா பொன்னேரிக்குப் போயிருந்தாள். எங்கும் நிழல் இல்லாததால் அவர் எங்கள் வீட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, காகிதத்தை விரித்தார்.

"கடைக்கால் எத்தினி அடி?" என்றார்.

பூமியைத் தோண்டிப் போடும் அஸ்திவாரத்தைத்தான் எங்கள் பக்கம் கடைக்கால் என்போம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கடைக்காலே கிடையாது சார். கல்லு மேல நிக்குது. நாலு ஆளு இருந்தா ஒரே நாள்ல கழட்டி வேற எடத்துல நிறுத்திடுவேன்" என்றேன்.

"அப்டியா, கெட்டிக்காரன்யா நீ" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். எழுதியது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. காலி நிலம், அதில் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பந்தல் ஒன்று. அந்த வீட்டின் நிழலில் உட்கார்ந்துகொண்டு அங்கே வீடு இல்லை என்று எழுதியிருக்கிறார்.

அக்கா தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை நடந்தாள். "பந்தலுக்கு ஏம்மா மனை?" என்று கேட்டார்களாம். மழையில் அடைக்கலம் வந்த ஆறு வீட்டுக்காரர்களையும், இது வீடுதான் என்று கையெழுத்துப் போடச் சொல்லி நான் கேட்டேன். கரைந்துபோன சுவரைப் புதிதாக எழுப்பியிருந்த அவர்கள் எல்லோருக்கும் மனை உறுதியாகியிருந்தது. "நம்பளுக்கு ஏன்பா பேஜாரு" என்றார் கோழிக்கூண்டுக்காரர். அவர் மகள் எங்கள் தரையில் மூன்று இரவு தூங்கியவள்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். கடைசி நாளன்றுதான் திட்டினாள். வீட்டைக் கழற்றிக் கம்புகளை ஒரு வண்டிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, வியாசர்பாடியில் பர்மாக்காரர்கள் இருக்கும் குடிசைகளுக்குப் போகப் பெட்டியோடு நின்றாள். "ஒரே நாள்ல கழட்டிடுவேன்னியாமே. அரை நாள்லயே கழட்டிட்ட. கெட்டிக்காரன்தான்டா. என்னை ரெண்டு தேசத்துலயும் தொரத்திட்டாங்க. ரெண்டாவது தடவை காகிதத்துல எழுதக் குடுத்தவன் நீ. ஏணியை நீயே வெச்சுக்க, என் கண்ணு முன்னால நிக்காத."

ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்தப் பக்கம் இன்று பஸ்ஸில் போனால் மதில்களும் புகைபோக்கிகளும்தான் தெரிகின்றன. மேட்டு மனைகளில் மாடி வீடுகள் வந்துவிட்டன. பிழைத்துப் போகட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அந்தக் குமாஸ்தாவையாவது மன்னித்துவிடுவேன், அவர் தன் வேலையைச் செய்தார். பெருமையடித்துக்கொள்ளச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.

அன்று இரவு புதுவாயல் டீக்கடை ஓரத்தில் ஏணியின் மேல் தலைவைத்துப் படுத்தேன். விடிந்ததும் ஒரு மேஸ்திரி ஆள் பிடிக்க வந்தார். வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"ஏணி உன்னுதா?"

"ஆமா."

"நாஷ்டா துன்னுட்டு கெளம்பு. ஏணி இல்லாம அங்க ஒருத்தனும் எறங்க முடியல."

வேலைக்குக் கூப்பிட்டது என்னை அல்ல, என் ஏணியைத்தான். எங்கே என்று கேட்காமல் லாரியில் ஏறினேன். நேற்று நான் விட்டு வந்த இடத்துக்கே அது போனது. அக்காவின் வேலிக்கு அந்தப் பக்கம், முதலில் எடுத்த நிலத்தில், கம்பெனி ஷெட்டுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்பது கருங்கல் வெயிலில் கிடந்தன. பக்கத்தில் அந்தப் பானையும் இருந்தது.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? கடைக்கால் வேலை, சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்" என்றார் மேஸ்திரி.

ஏணியைக் குழிக்குள் இறக்கிச் சாத்தினேன். பானையில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து வந்து காலைக் கழுவிக்கொண்டேன். பிறகு ஏழு படியும் இறங்கி, கடப்பாரையை வாங்கிக் குத்தத் தொடங்கினேன்.